விளையாட்டுக்கூடத்தை மூடவைத்த என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்

அனுப்புநர்
விளையாட்டுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்த நான்கு வயதுச் சிறுமியின் தாய்,
தையல் கடை, பள்ளிப் பின்வாசல் தெரு.

பெறுநர்
தொழிற்கல்விப் பிரிவு அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: மேல்நிலைப் பள்ளி மழலையர் கல்விப் பிரிவின் விளையாட்டுக்கூடம் மூடப்பட்டது – மாணவி ஒருவர் செய்முறைப் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்டது – இரண்டுக்கும் காரணமான என் புகாரைத் திரும்பப் பெறுதல் – ஆணையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கடந்த மாதம் நான் அளித்த புகாரும், அதன்பேரில் தாங்கள் பிறப்பித்த ஆணையும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட புகாரை எழுதியவள் நான்தான். அதைக் கொடுக்க வந்த அன்று தலை நிமிர்ந்து வந்தேன். இந்த மனுவை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விட நினைத்தேன். அது முறையல்ல என்பதால் நேரில் கொடுக்கிறேன்.

2. மழலையர் கல்வியைப் பாடமாக எடுத்த மாணவிகள், அந்த வேலை தங்களுக்கு ஒத்துவருமா என்று செய்து பார்த்தே தெரிந்துகொள்ளத்தான் பள்ளியின் பின்கட்டில் இந்தக் கூடம் நடந்தது. காலையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வருவார்கள். மாணவிகள் முட்டிபோட்டு அறையைச் சுற்றிவந்து, குழந்தையின் நெற்றியில் இடிக்கக்கூடிய மேசை முனை எது என்று தேடுவார்கள். அட்டைப்பெட்டியில் கடை வைத்துப் பிள்ளைகளோடு பேரம் பேசுவார்கள். ஒருத்தி வாசலிலேயே நின்று, அம்மாவின் துப்பட்டாவை விடாத குழந்தையைப் பேச்சுக் கொடுத்துக் கைக்கு வாங்குவாள். என் கடை ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லாம் விளையாட்டாகத்தான் தெரியும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

3. ஒருநாள் மகளை அழைத்துவரச் சீக்கிரமே போனேன். அவள் தரையில் உட்கார்ந்து, ஷூவுக்குள் கால் நுழையாமல் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மாணவி தன் உள்ளங்கைகளின் மேலேயே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கவில்லை, கண்ணீரைத் துடைக்கவும் இல்லை. போனை எடுத்து வீடியோ பிடித்தேன். அழுகின்ற பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, ‘நம்ம பிள்ளைங்கள எப்படிப் பாத்துக்கிறாங்கன்னு நீங்களே பாருங்க’ என்று எழுதிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதே துண்டைப் புகாரோடு தங்களிடமும் கொடுத்தேன். கூடம் மூடப்பட்டது, மாணவி நீக்கப்பட்டாள்.

4. வெட்டிய மீதியில் இருப்பது இது: என் மகள் அழுகையை நிறுத்துகிறாள், ஷூவின் நாக்கை இழுக்கிறாள், கால் உள்ளே போகிறது. காலைத் தூக்கிக் காட்டுகிறாள். ஷூ இடவலம் மாறியிருக்கிறது. மாணவி மரத்துப்போன கைகளை உருவி, உதறிக்கொண்டே கை தட்டுகிறாள். இந்தப் பகுதி அப்போது முக்கியமாகப் படவில்லை என்று நான் எழுதலாம், அது பொய். என் புகார் நிற்காது என்று தெரிந்துதான் வெட்டினேன்.

5. கூடம் மூடிய பிறகு ஒரு காலையில், கடை திறக்கும் அவசரத்தில் மகளுக்கு ஷூ மாட்டக் குனிந்தேன். ‘கையை எடும்மா. அதுமேல உக்காரு. அக்கா அப்படித்தான் உக்காருவாங்க’ என்றாள். உட்கார்ந்தேன். பொறுக்காமல் கையை உருவியபோதெல்லாம் திட்டு வாங்கினேன். அன்றே அந்த மாணவிகளின் ஆசிரியையிடம் போய் விவரம் கேட்டேன். ‘அழுற பிள்ளைகிட்ட ஓடுறதுக்குப் பயிற்சி வேண்டாங்க, அது யாருக்கும் தானா வரும். ஓடாம பக்கத்துல இருக்கத்தான் பழகணும். கை சும்மா இருக்காது, அதான் அதுமேல உக்காரச் சொல்றேன்’ என்றார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் தேவலை.

6. அந்த மாணவியின் வீட்டுக்கும் போனேன். அவளுடைய அம்மா கதவைத் திறந்து, ‘வாங்க, உக்காருங்க. வீடியோ எடுக்கிறதா இருந்தா சொல்லுங்க, லைட்டப் போடுறேன்’ என்றார். அந்தப் பெண் தெருவில் நடந்தால், ‘பிள்ளைய அழவிட்டு வேடிக்கை பாக்குற டீச்சரம்மா வர்றாங்க, வழி விடுங்கடா’ என்கிறார்களாம். பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டு அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போகிறாள். விரலில் பசையோடு வந்து நின்றவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: ‘இப்ப ஷூவ சரியாப் போடுறாளா, மாத்திப் போடுறாளாக்கா?’ மாற்றித்தான் என்றேன். ‘போகப்போக வந்துடும்’ என்றாள். மன்னிப்புக் கேட்கப் போன நான் கேட்காமலேயே திரும்பினேன்.

7. மற்ற மாணவிகள் இப்போது கரும்பலகையில் வரைந்த குழந்தையைப் பார்த்துப் பாடம் எழுதுகிறார்கள். ‘படத்துல இருக்கிற பிள்ளைக்கு மூக்கே ஒழுகாதுக்கா, நாங்க எதைத் துடைச்சுப் பழகுறது?’ என்று என் கடைக்கு வந்த ஒருத்தி கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நீக்கப்பட்டவளின் நிலை வேறு. செய்முறைத் தேர்வு அடுத்த மாதம். அதை எழுதாவிட்டால் மழலையர் ஆசிரியப் பயிற்சிக்கு அவள் விண்ணப்பிக்கவே முடியாது. சிறு வயதிலிருந்து அவள் விரும்பியது அந்த ஒரு வேலையைத்தான் என்று அவளுடைய அம்மா சொன்னார்.

8. முழு வீடியோவையும், செய்தது தவறு என்ற என் வாக்குமூலத்தையும் அதே குழுவில் போட்டுவிட்டேன். முதல் துண்டை ஊரெல்லாம் அனுப்பியவர்களில் ஒருவர்கூட இதை அனுப்பவில்லை. ‘முடிஞ்ச கதைய ஏன் கிளறுறீங்க’ என்று ஒருவர் எழுதினார். ‘யாராவது மிரட்டுனாங்களா?’ என்று இன்னொருவர். நான் கட்டிய பொய் காலில்லாமலே ஓடியது; உண்மையை நானே தூக்கிக்கொண்டு நடந்தும் அது நகரவில்லை. இனி தங்கள் ஆணையால்தான் முடியும்.

9. ஆகவே என் புகாரைத் தள்ளுபடி செய்து, கூடத்தைத் திறக்கவும், அந்த மாணவி விட்ட நாட்களை ஈடுகட்டித் தேர்வில் அமரவும் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இத்தகைய ஆணைகளை ‘நிர்வாகக் காரணங்களால்’ என்று எழுதி ரத்து செய்வது வழக்கம் எனத் தங்கள் அலுவலக எழுத்தர் தெரிவித்தார். ‘உங்க பேரும் வெளிய வராதும்மா, எல்லாருக்கும் நல்லது’ என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அப்படி எழுதினால் கூடம் திறந்துவிடும். ஆனால் அந்தப் பெண் யாரையோ பிடித்துத் தப்பித்தாள் என்றே தெரு பேசும். எனவே மாணவியிடம் தவறில்லை என்பதையும், புகார் கொடுத்தவர் உண்மையின் பாதியை மறைத்தார் என்பதையும் ஆணையிலேயே எழுதி, பள்ளி வாசலில் ஒட்டச் செய்ய வேண்டுகிறேன். புகார் கொடுத்தவர் யார் என்பதற்குப் ‘பின்வாசல் தெருத் தையல்காரி’ என்று போட்டால் போதும். எல்லோருக்கும் விளங்கும்.

இணைப்பு: வெட்டப்படாத முழு வீடியோ.

இடம்: கல்வி அலுவலக வாசல்
நாள்: பிப்ரவரி 9

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தையல் கடை உரிமையாளர்