மஃரிபுக்குப் பிறகு பெய்த மழை

உத்திரமேரூர்,
12.8.1999

மதிப்பிற்குரிய டாக்டர் தேவராஜன் சார் அவர்களுக்கு, மளிகைக்கடை மீரான் மைதீன் மகள் நசீரா ஸலாம் கூறி எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? மழை ஆராய்ச்சிக்காக அடுத்த மாதம் உங்களுக்குப் பரிசு தரப்போகிறார்களாம், பேப்பரில் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம்.

அத்தா மௌத்தாகி நாற்பது நாள் முடிந்துவிட்டது. தந்தி கொடுத்தோம், நீங்கள் வரவில்லை. பெரிய மனிதருக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

பத்தொன்பது வருஷம் மொட்டைமாடியில் மழைமானி வைத்து, எத்தனை மணிக்கு எவ்வளவு பெய்தது என்று எழுதியவர் அவர். என் நிக்காஹ் அன்றுகூடப் பந்தியிலிருந்து எழுந்து போய் அளந்தார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். அந்த நோட்டுகளை நீங்கள் ஜெராக்ஸ் எடுக்கக் கேட்டபோது, "புக்குல ஓரமா என் பேரைப் போட்டுடு சார், அது போதும்" என்றார். எங்கள் வீட்டு நாஷ்டாவைச் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினீர்கள்.

ஏனாத்தூர் காலேஜில் படிக்கும் என் தம்பி வஹாப் உங்கள் ஆய்வின் பிரதியைக் கொண்டுவந்தான். 'உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர்' என்று போட்டிருக்கிறீர்கள். கண் தெரியாமல் படுத்திருந்த அத்தா அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "இன்னாம்மா, என் பேரு அதுல கீதா?" என்று கேட்டார். "கீது அத்தா, நல்லா பெரிசா கீது" என்று பொய் சொன்னேன். அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே தூங்கினார். அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது சார்.

அப்புறம்தான் வஹாப் உங்கள் கண்டுபிடிப்பைப் படித்துச் சொன்னான். பகல் மழை காஞ்சிபுரத்திலும் உத்திரமேரூரிலும் ஒரே நாளில் பெய்கிறதாம். இரவு மழை மட்டும் இங்கே வர ஒரு நாள் தாமதமாகிறதாம். அடேயப்பா! மேகம் வழியில் எங்கே படுத்துத் தூங்கியது சார்?

எங்களுக்கு மஃரிபு பாங்கு சொன்னதும் மறுநாள் பிறந்துவிடும். பொழுது சாய்ந்ததும் அத்தா பக்கத்தைத் திருப்பி அடுத்த தேதியைப் போட்டுவிடுவார். திங்கட்கிழமை ராத்திரி மழை செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இருக்கும். காஞ்சிபுரத்துக் கணக்கில் அதே மழை திங்கட்கிழமையில் இருக்கும். இதையெல்லாம் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் அரபுத் தமிழில், அரபு எழுத்திலேயே தமிழாக, எழுதி வைத்திருந்தார். அதைப் படித்துக் காட்ட வந்த அத்தாவிடம், "ஏதோ துஆ, பிரார்த்தனைதானே பாய், இருக்கட்டும்" என்று சிரித்துப் பக்கத்தைத் தள்ளினீர்கள். காபி ஆற்றிக்கொண்டிருந்த நான் பார்த்தேன்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, தமிழிலும் எழுதி, உங்களுக்கு வழிகாட்டிய பேராசிரியருக்கும் பரிசு தருகிறவர்களுக்கும் நேற்றே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்களிடம் முதலில் சொல்லியிருக்கலாம் என்று வஹாப் வருத்தப்பட்டான். எனக்கு வருத்தமில்லை. பரிசு போனால் போகட்டும். நீங்கள் தலை குனிவதை அத்தா பார்க்கவில்லையே என்பதுதான் என் குறை.

இனி நீங்கள் திருத்தம் எழுதியாக வேண்டும். 'கடைக்காரர் ஒருவர்' என்று சொல்லித் தப்ப முடியாது. யார் நோட்டு, அவர் ஏன் அப்படித் தேதி போட்டார் என்று கேட்பார்கள். மீரான் மைதீன் என்று உங்கள் கையாலேயே எழுதுவீர்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். பெரிய எழுத்தில் போடுங்கள் சார். அத்தாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மீரான் மைதீன் மகள் நசீரா