நான் கேட்டது கத்தரிக்கோல்

மார்ச் 4, செவ்வாய்
மகள் படிக்கப் போனதில் இருந்து மேல் அறை சும்மா கிடக்கிறது. உக்ரைன் போரில் இடம்பெயர்ந்து லண்டனுக்கு வந்த ஒரு தாயையும் பிள்ளையையும் நாளை முதல் அங்கே தங்கவைக்கச் சம்மதித்துவிட்டேன். தொண்டு அமைப்பில் இருக்கும் ரஞ்சனா, "இது அவங்களுக்கு மூணாவது வீடு அக்கா" என்றாள். முதல் இரண்டு வீட்டிலும் என்ன நடந்தது? "ஒத்துவரலையாம்."

மார்ச் 5
வந்துவிட்டார்கள். தாய் அரான்கா, மகள் எரிகா, ஒன்பது வயது. பக்கத்து வீட்டுக்காரர், இவர்கள் உங்கள் சொந்தக்காரரா என்று கேட்டார். நிறம் அப்படித்தான். உக்ரைன்காரர் என்றால் வேறு மாதிரி நினைத்திருந்தேன் – எதை வைத்து நினைத்தேன்?

மார்ச் 7
அவர்கள் ரோமா இனமாம், மற்றவர்கள் ஜிப்சி என்று சொல்லுற ஆக்கள். சொந்த ஊரிலேயே ஒதுக்குப்புறத்தில் வைக்கப்பட்டவர்கள். எல்லை தாண்டிய பிறகும் இவர்களை மற்றவர்களோடு ஒரே மண்டபத்தில் படுக்க விடவில்லையாம். "அகதிகளுக்குள்ளுமா?" என்று ரஞ்சனாவிடம் கேட்டேன். கேட்டதும் எனக்கே வெட்கமாக இருந்தது. அகதியாய் வந்த எங்கட ஆக்களும் சாதி பார்த்தது எனக்குத் தெரியாததா?

மார்ச் 8, சனி
டூட்டிங் கடைத்தெருவில் சாமான் வாங்கும்போது சிநேகிதி அனோஜினியைக் கண்டேன். "கௌசி, அந்த ஆக்களையா வீட்டில வைச்சிருக்கிறாய்? நகையெல்லாம் கவனம்."
"விசர்க்கதை கதையாதை" என்று கத்திவிட்டு வந்தேன். வந்து அலுமாரியைப் பூட்டினேன்.
ஏன் பூட்டினேன்?

மார்ச் 12
எழுதக் கை வருகுதில்லை.
கத்தரிக்கோலைக் காணவில்லை. மேலே போய், இரண்டு விரலால் வெட்டிக் காட்டி அரான்காவிடம் கேட்டேன். அவ்வளவுதான். அவள் தன் பையைத் தூக்கிக் கட்டிலில் கொட்டினாள். தன் கோட்டுப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினாள். எரிகா, யாரும் சொல்லாமலே, கைகளை விரித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது. பழகிப்போன மாதிரி.
வேண்டாம் என்று சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. பார்த்தனான். கட்டிலில் கிடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாய்ப் பார்த்தனான். என்ன மனுசி நான்?

மார்ச் 13
கத்தரிக்கோல் தையல் மெஷினுக்குப் பின்னால் கிடந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதி, போனில் உக்ரைன் மொழிக்கு மாற்றிக் காட்டினேன். அரான்கா பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள். விளங்கவில்லையா, மன்னிக்கவில்லையா?

மார்ச் 17
ரஞ்சனா போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தாள். அரான்காவுக்கு உக்ரைன் எழுத்து வாசிக்க வராதாம். வீட்டில் ரோமானி, வெளியே ஹங்கேரிய மொழி. இத்தனை மாதமும் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.
மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அரான்கா வேறொன்று கேட்டாள்: அடுப்படிக்குள் எத்தனை மணிக்கு வரலாம்? முன்னைய இரண்டு வீட்டிலும் விடவில்லையாம். இங்கேயும் நான் மேலே கொண்டுபோய்க் கொடுத்ததை மட்டும் சாப்பிட்டார்கள். கூச்சம் என்றல்லோ நினைச்சன்.
"எப்பவும் வரலாம்" என்றேன்.
அவர் அதை மொழிபெயர்த்ததும் அவள் திரும்பவும் கேட்டாள்: எப்பவும் என்றால், எத்தனை மணிக்கு?

மார்ச் 23, ஞாயிறு
மத்தியானச் சமையலுக்கு வெங்காயம் வெட்டப் போனேன். அரான்கா என் கையில் இருந்த கத்தியை வாங்கிக்கொண்டு கதவைக் காட்டினாள். என் அடுப்படியில் இருந்து என்னையே போகச் சொல்கிறாள்! எரிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.
முன்னறையில் இருந்து இதை எழுதுகிறேன். உள்ளே தாயும் மகளும் உப்புக்கோ எதற்கோ பலமாகச் சண்டை பிடிக்கிறார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை.