சிவப்பு வண்டியா, நீல வண்டியா

வெள்ளிக்கிழமை, இரவு.

மணலில் ஓட்டும் நாலு சக்கர பைக் ஒன்று வாங்க வேண்டும் என்பது என் கணவருக்கு ரொம்ப நாள் ஆசை. இன்று என்னையும் மகள் ஹனாவையும் பாலைவனத்துக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் ஓட்டிப் பார்க்க இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்திருந்தார். நீலம் கனமானது, தடத்தை விட்டு விலகாது, நிதானமாக மேடேறும். நான்கூட ஓட்டிப் பார்த்தேன். சிவப்பு லேசானது, தொட்டதும் பாயும்.

"நீலத்துல உக்காந்தா வீட்டு சோபால உக்காந்த மாதிரி இருக்கு புள்ள," என்று சிரித்துவிட்டு இவர் சிவப்பில் ஏறினார். ஒரு மணல்மேட்டைத் தாண்டினார். சத்தம் சட்டென்று நின்றது.

கூப்பிட்டேன். பதில் இல்லை. ஹனாவைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு நீல வண்டியில் நானே மேடேறினேன். மறுபக்கச் சரிவில் சிவப்பு வண்டி கவிழ்ந்து கிடந்தது. சற்றுத் தள்ளி இவர் குப்புறக் கிடந்தார். வண்டியை விட்டு இறங்கி அருகில் ஓடினேன்.

மெல்ல எழுந்து வாயிலிருந்த மணலைத் துப்பினார். "ஒண்ணுமில்ல. ஹனாகிட்ட சொல்லிராத," என்றார்.

இனி நீலத்தைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். கீழே வந்ததும் கடைக்காரரிடம், "பாய், சிவப்புதான். கலாஸ், முடிஞ்சிருச்சு," என்றார்.

திரும்பும்போது காரில் ஹனா கேட்டாள்: "வாப்பா, நெக்ஸ்ட் டைம் என்னையும் முன்னாடி வச்சு ஃபாஸ்ட்டா ஓட்டுவீங்களா?"

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பின்சீட்டிலிருந்து வேண்டாம் என்று தலையாட்டினேன். பார்வையைத் திருப்பிக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ்," என்றார்.

வண்டி புதன்கிழமை வந்துவிடும்.