உன் பேரில் வந்த வாழைப்பழம்

என் அருமைப் பரமேசு,

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் உன் வேலையிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. அங்கே நிம்மதியாக இருக்கிறாயா? இங்கே என் முட்டி இரண்டும் போய்விட்டன.

நேற்று நம் ஆசிரியர் பயணம் போய் வந்தேன். அதே கோலசிலாங்கூர், அதே சதுப்புநிலக் காடு, குன்றின்மேல் அதே குரங்குகள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைக் காட்டுக்குள் நடக்கவிட்டு, பார்த்ததை எழுதவைத்து, அதை வகுப்பில் பாடமாக்கச் சொல்லிக்கொடுக்கும் இந்தப் பயிற்சியை ஆரம்பித்தவள் நீ. நான் துணைக்கு வந்தவள். பஸ் பிடிப்பது, தலை எண்ணுவது, பசியாறக் கடையில் சொல்லிவைப்பது, இவ்வளவுதான் என் வேலை. இப்போது பேசவும் நானே வேண்டியிருக்கிறது. கொக்குக்கும் நாரைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் எங்கேடி போவேன்?

பிரிக்பீல்ட்ஸில் பஸ் ஏறும்போதே அலுத்துவிட்டது. பாதிப்பேர் சான்றிதழுக்காக வந்தவர்கள். "டீச்சர், கொசு இருக்குமா? போற இடத்துல ஏர்கோன் இருக்குமா?" என்று கிள்ளானிலிருந்து வந்த ஒரு சார் கேட்டார். காட்டில் ஏர்கோனை எங்கே மாட்டுவது? இதுதான் கடைசிப் பயணம், திரும்பும்போது பஸ்ஸிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். சும்மா கோபத்தில் இல்லை, உண்மையாகவே முடியவில்லை, பரமேசு.

குன்றின்மேல் ஏறியதும், நீ சொல்வதையெல்லாம் எனக்கு வந்தவரைக்கும் சொன்னேன். இந்தச் சாம்பல் குரங்குக்கு இருப்பது இலை செரிக்கிற வயிறு, பழமும் ரொட்டியும் கொடுத்தால் வியாதிதான் வரும். மனிதர் கையை எதிர்பார்த்துப் பழகினால் ரோட்டுக்கு வந்து காரில் அடிபடும். ஆஞ்சநேயரை நினைத்துக் கொடுத்தாலும் அதே கதிதான். ஒரு டீச்சர் சத்தமில்லாமல் தன் கைப்பையின் ஜிப்பை மூடினார்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் யார் என்கிறாய்? உன் வீட்டுக்காரர். வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி. காரின் பின்பக்கத்தைத் திறந்தால் பெட்டி பெட்டியாக பீசாங் மாஸ் வாழைப்பழம். விடியும்போதே பாசாருக்குப் போய் வாங்கியிருக்கிறார்.

"டீச்சர், இன்னிக்கு அவளுக்குத் திதி. வீட்டுல கும்பிட்டுட்டு நேரா வரேன். இந்தக் குரங்குங்கன்னா அவளுக்கு உசுரு. அவ பேருல வயிறார சாப்பிடட்டும்னு..."

பஞ்சாங்கம் பார்க்காத எனக்கு நேற்று உன் திதி என்றே தெரியாது. என்னத்தைச் சொல்ல? இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அவரையும் இங்கே கூட்டிவந்திருக்கக் கூடாதா?

குரங்குகள் பெட்டியைப் பார்த்துவிட்டன. ஆரஞ்சு நிறக் குட்டி ஒன்றை மார்பில் ஒட்டிக்கொண்டு ஒரு தாய் ரோட்டோரம் இறங்கியது. ஆசிரியர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விட்டுவிட்டால் இவ்வளவு நேரம் நான் பேசியது பொய். தடுத்தால், பெண்டாட்டிக்குத் திதி கொடுத்துவிட்டு வந்த மனிதரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

"அண்ணே, வேண்டாம்லா," என்றேன். "பரமேசு இருந்திருந்தா உங்கள உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பா."

அவர் கையிலெடுத்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "ஆக்கட்டுமே, டீச்சர். அவ திட்டி ஒரு வருஷம் ஆச்சு. வீட்டுல சத்தமே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது. உன்மேலா, அவர்மேலா, தெரியவில்லை. கத்திவிட்டேன்.

"அறிவிருக்கா உங்களுக்கு? தலையில அடிச்சிக்கிட்டாலும் காதுல வாங்க மாட்டீங்களா? அந்தக் குட்டி கார்ல அடிபட்டுச் செத்தா அதுதான் அவளுக்குப் புண்ணியமா? மூடுங்க பெட்டிய! மூடுங்கன்னா மூடணும்!"

ஏர்கோன் சார்கூட இரண்டடி பின்னால் போய்விட்டார். உன் வீட்டுக்காரர் பெட்டியை மூடினார். தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியே அவ திட்டுற மாதிரியே இருக்கு, டீச்சர்," என்றார். "அடுத்த வருஷமும் வரேன். பழம் இல்லாம வரேன். நீங்க இருப்பீங்கல்ல?"

பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றச் சொன்னேன். பஸ் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் உன் பேரில் பழம் தின்றோம். தோலை ஒரு பைக்குள் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன், பயப்படாதே. திரும்பும் வழியெல்லாம் மைக் என் மடியில்தான் கிடந்தது. சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை.

களைப்பு போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். முட்டி இன்னும் வலிக்கிறது. ஆனாலும் அடுத்த வருடம் பஸ்ஸில் முன் சீட்டை அவருக்குப் பிடித்துவைக்கிறேன், நானும் வருகிறேன். அந்த மனுஷனைத் திட்ட வேறு யாருடி இருக்கிறார்கள்?

உன் கூடப்பிறக்காத அக்கா,
விமலா