அம்மச்சியின் முந்நூற்று நாற்பது மில்லி

காஞ்சிரப்பள்ளி,
ஆகஸ்ட் 9.

அன்பு மகள் ஸெலினுக்கு,

தெய்வ கிருபையால் இங்கே நானும் உன்னைப் பெற்ற அம்மச்சியும் நலம்; இந்த ஒரு வரியை எழுத முடியாமல் மூன்று வாரம் தவித்துவிட்டு இன்றுதான் எழுதுகிறேன். நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் எனக்கு வரிசை குழம்பிவிடும். முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அம்மச்சி தியான மையத்துக்குப் போயிருக்கிறாள், அங்கே போன் கொடுக்கமாட்டார்கள் என்று உன்னிடம் சொன்னது பொய். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உன் பரீட்சை முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்று படுக்கையில் கிடந்தபடியே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அடுக்கிவைத்த பாத்திரங்களை இப்போது அடுக்களையில் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கிறாள், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆகவே பயப்படாமல் படி.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜூலையில் அவளுக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடுதல் என்று வந்தது. இரும்பன் புளியை, அதுதான் அந்தப் பிலிம்பிக் காயை, பிழிந்து குடித்தால் ஒரே வாரத்தில் இறங்கும், இந்தப் பக்கம் எல்லாரும் அதைத்தான் குடிக்கிறார்கள் என்றான் பக்கத்து வீட்டு வர்க்கிச்சன். நம் கிணற்றடி மரத்தில் தண்டு முழுவதும் காய். வாரத்துக்கு வேண்டியதை அரைத்து வடிகட்டிப் பாட்டிலில் வைத்து, என் பழைய அளவுக் குவளையில் நூற்றைம்பது மில்லி சரியாக அளந்து, ஐந்து நாள் வெறும் வயிற்றில் கொடுத்தேன். மீன் குழம்புல நாலு காய் போடுறதை மருந்துன்னு குடுக்கிற ஒரே வாத்தியார் நீங்கதான் என்று முகத்தைச் சுளித்தபடி குடித்தாள். ஆறாம் நாள் இடுப்பு வலி, வாந்தி, ஏழாம் நாள் சிறுநீர் நின்றேவிட்டது. மழைக்காலம் ஆனதால் டாக்டர் நஸீமா முதலில் எலிக்காய்ச்சலைத்தான் நினைத்தார். நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் இல்லை என்று தலையாட்டிவிட்டேன். பிப்பெட்டில் எடுக்கும்போது ஆக்ஸாலிக் அமிலத்தை வாய்க்குள் உறிஞ்சிவிடாதீர்கள் என்று முப்பத்தொரு வருடம் வேதியியல் கூடத்தில் பிள்ளைகளை மிரட்டியவன், அதே அமிலம் நிறைந்த சாற்றை மனைவிக்கு அளந்து கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? மறுநாள் காலை அந்தக் குவளையைப் பையில் போட்டுக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே சாரே, இனி எதோட சண்டை போடுறோம்னு தெரிஞ்சு போடலாம்" என்றார்.

சிறுநீரகத்தில் ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். மெல்லிய குழாய்கள், உள்சுவரில் ஓடு பதித்தது போல் செல்கள். அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து கண்ணாடிச் சில்லு போன்ற படிகமாகி அங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது. அடிபட்ட செல்கள் எல்லாம் ஒரே விதமாகச் சாவதில்லையாம். சில தன்னைத்தானே சுருக்கி மடித்துக்கொண்டு யாருக்கும் தொல்லையில்லாமல் போய்விடும். சில வீங்கி வெடித்து, உள்ளே இருந்ததையெல்லாம் பக்கத்துச் செல்கள்மேல் கொட்டும், அது பட்டு அவையும் கெடும். செத்தவை உதிர்ந்து குழாயை அடைக்கும். ஆனால் அடியில் இருக்கும் படலம் கிழியாமல் இருந்தால், மிஞ்சிய செல்கள் பெருகிப் படர்ந்து காலியிடத்தை மூடிவிடும், அதுவரை இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யட்டும், நாம் காத்திருப்போம் என்றார். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பது எனக்கே சந்தேகம், தவறிருந்தால் பொறுத்துக்கொள். இதை அம்மச்சியிடம் சொன்னேன். "சத்தமில்லாம மடங்கிப் போறது நீங்க, வெடிச்சு அக்கம்பக்கத்தையும் நாசமாக்குறது நான்" என்றாள், முகம் வீங்கிக் கிடந்தவள்.

ஐந்து முறை டயாலிசிஸ். தினமும் சிறுநீர் அளவைக் குறித்தேன், இருபது, பதினைந்து, முப்பது. பன்னிரண்டாம் நாள் காலை பையில் முந்நூற்று நாற்பது மில்லி. கண்மட்டத்தில் வைத்து மூன்று முறை பார்த்தேன், மாறவில்லை. வராந்தாவில் இருந்த வர்க்கிச்சனிடம் சொன்னேன், அவன் தேம்பி அழுதுகொண்டே மாதா கோவிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஓடினான். செல்கள் வேலைக்குத் திரும்பிவிட்டன என்றார் டாக்டர். அடுத்த நாள் தொள்ளாயிரம், அதற்கடுத்த நாள் இரண்டு லிட்டர். மகளே, என் வாழ்நாளில் எந்தத் தேர்வு முடிவும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாயை எடுத்த அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்க அளவு ஒண்ணும் தப்பில்ல மனுஷா. நீங்க பூசைக்குப் போனப்புறம் தினமும் அதே பாட்டில்ல இருந்து நானே இன்னொரு கிளாஸ் எடுத்துக் குடிச்சேன், சீக்கிரம் குறையட்டும்னு. பாதித் தப்பு என்னோடது" என்றாள். அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். நேற்று குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் அந்தப் பாட்டில் இருக்கிறது. என் வழக்கப்படி ஒவ்வொரு நாளும் எடுத்த பிறகு அதில் கோடு போட்டு வைத்திருந்தேன். கோடுகளுக்கு நடுவே எல்லாம் ஒரே இடைவெளி, நூற்றைம்பது மில்லிதான்; சாறு ஐந்தாவது கோட்டில் நிற்கிறது, ஒரு மயிரிழைகூடக் கீழே இல்லை. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

உங்கள் இருவரையும் தேவமாதா காக்கட்டும், நீ எழுதிய பரீட்சை நல்லபடி கைகூடட்டும். தண்ணீர் நிறையக் குடி, யார் எந்தச் சாற்றைச் சொன்னாலும், அது நானாக இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் குடிக்காதே. ஞாயிற்றுக்கிழமை அம்மச்சியைக் கூப்பிட்டு, என்னைத் திட்ட வேண்டுமானால் இருவரும் சேர்ந்தே திட்டுங்கள். பாட்டிலைப் பற்றி மட்டும் அவளிடம் வாயைத் திறந்துவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அப்பச்சன்
சாக்கோ