ஸ்கின் கலர் யாருது?

இன்று காலை லைனிங் துணி பார்சல் வந்தது. பிரித்ததும் அந்தப் புதுத் துணிக் கஞ்சி வாசம் கடை முழுக்க எழுந்தது. நீ இருந்திருந்தால் முதல் தும்மல் உன்னுடையதுதான். மேலே இருந்த வெளிர் நிறத் துணிக்கட்டின்மேல் கம்பெனிக்காரன் வழக்கம்போல் 'ஸ்கின்' என்று சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறான். நீ போய் மூன்று மாதமாகிறது, அவன் இன்னும் திருந்தவில்லை. சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, அந்த நிறத்துக்கு நீ பேர் வைத்து, உன் கோணல் கையெழுத்தில் 'பால்கோவா' என்று எழுதிய அலமாரித் தட்டில் அடுக்கினேன்.

தாம்பரம் மார்க்கெட் சந்தில் நாம் இருவரும் சேர்ந்து ரவிக்கைத் துணியும் லைனிங்கும் விற்ற இந்த மேட்சிங் சென்டரில், அந்த ஒரு தட்டுக்காக நீ போட்ட சண்டை கொஞ்சமா? "ஸ்கின் கலர் லைனிங் இருக்கா?" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். "யாரு ஸ்கின்னும்மா? உன்னுதா, என்னுதா?" என்று வளையல் குலுங்கக் கையை மேஜைமேல் நீட்டுவாய். நல்ல கன்னங்கரிய கை. சிலர் சிரிப்பார்கள், சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போவார்கள். வியாபாரத்தைக் கெடுக்கிறாளே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

கிரேஸ் முதன்முதலாகக் கடைக்கு வந்த அன்று நான் அடித்த கூத்தை நீ கடைசிவரை சொல்லிக் காட்டினாய். காட்டாங்குளத்தூர் கல்லூரியில் படிக்க ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெண். ஒரு லேஸ் துணியை நீட்டி, கற்றுக்கொண்ட கொஞ்சம் தமிழில், "இதுக்கு உள்ள, ஸ்கின் கலர், அக்கா" என்றாள். நான் பழக்க தோஷத்தில் அந்த வெளிர் கட்டை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். அவள் துணியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, கண்ணு இன்னா முதுகுலயா கீது?" என்று நீ சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு உன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தாய். தாம்பரத்துக் கடைக்காரி நீ, ஆப்பிரிக்காக்காரியைவிட ஒரு ஷேடு கறுப்பு! கிரேஸுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். காப்பி நிறக் கட்டிலிருந்து அவளுக்கு இரண்டு மீட்டர் வெட்டிவிட்டு, அதிலிருந்தே உனக்கும் ஒரு மீட்டர் வெட்டிக்கொண்டாய்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இந்த மடலை எழுத வேண்டியிருக்காது. கொஞ்ச நாளில் அவள் வாடகைக்கு இருந்த இடத்தில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரும்புலியூரில் என் வீட்டு மாடி அப்போது சும்மாதான் கிடந்தது. "குடுடி" என்றாய். நான் இழுத்தேன். "தெருவுல பேசுவாங்க. அதுவுமில்லாம அவங்க இனமே வேற இல்லியா?" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னது இந்த வாய்தான்.

நீ ஷேடு கார்டை எடுத்து என் முன்னால் போட்டாய். துண்டு துண்டாகத் துணி ஒட்டிய, நாம் தினமும் புரட்டும் அதே அட்டை. "இனமாம் இனம்! இந்தா பேனா. மாநிறம் எங்க முடியுது, கறுப்பு எங்க ஆரம்பிக்குது, ஒரு கோடு போட்டுக் காட்டு பாப்போம்."

ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பேனா என் கையிலேயே நின்றது.

"ஒருத்தன் பிரவுன்னு சொல்றத இன்னொருத்தன் காப்பின்னு சொல்லிகினு கீறான். துணி ஒண்ணுதான்டி. பேர் வெச்சவன், யாரை உள்ள விடலாம், யாரை வெளியே நிறுத்தலாம்னு பாத்துதான் வெச்சிருக்கான்."

அப்படியும் நான் மாடியைக் கொடுக்கவில்லை. நீ பம்மலில் உன் ஒற்றை அறையில் அவளுக்கு இடம் கொடுத்தாய். "பேஜாரு இன்னா கீது? நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம்" என்றாய். அதன்பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

நீ இல்லாமல் கிரேஸை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்று உன் ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார். இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மலுக்குப் போய், அவள் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். உன் தையல் மிஷினும் இப்போது அவளோடு மாடியில்தான் இருக்கிறது.

நேற்று எங்கள் தெரு அசோசியேஷன் செக்ரெட்டரி கடைக்கே வந்துவிட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மாதிரி ஆளுங்க நம்ம ஏரியாவுக்கு செட் ஆக மாட்டாங்க."

"எந்த மாதிரி சார்?"

"அதான் மேடம்... பாத்தாலே தெரியுதே."

"எனக்குத் தெரியல சார். நீங்க காட்டுங்க." ஷேடு கார்டை விரித்து அவர் கையில் பேனாவைக் கொடுத்தேன். "எது வரைக்கும் நம்ம தெருவுல இருக்கலாம்? ஒரு கோடு போடுங்க."

மனுஷன் நிஜமாகவே குனிந்தாரடி! பிரவுன் வரைக்கும் பேனா போனது. அப்போதுதான் துணிக்குப் பக்கத்தில் இருந்த தன் கையைப் பார்த்தார். அந்தத் துண்டைவிட அவர் கை இரண்டு ஷேடு கறுப்பு. பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல பேசிக்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

பேசட்டும். நானும் போகப்போகிறேன். அன்று என்னால் கோடு போட முடியவில்லை என்பதை உன்னிடம் ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டேன். அதை அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வேன். அவர்கள் என்ன தீர்மானம் போட்டாலும் கிரேஸ் மாடியில்தான் இருப்பாள். கார்டையும் பேனாவையும் இப்போதே கைப்பையில் எடுத்து வைத்துவிட்டேன். அந்தக் கார்டில் இன்றுவரை ஒரு கோடுகூட விழவில்லை.