கராளி சாகும் பாகம்

19 ஜூலை 1982, திங்கள்

காற்று. ஆடி பிறந்த நாளிலிருந்து இதே கூத்து. மாடியில் காயப்போட்ட அண்ணியின் பாவாடை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். எடுத்துவர நான்தான் போக வேண்டுமாம். போனேன்.

ஆபீஸில் டைப்ரைட்டருக்கு இன்னும் புது ரிப்பன் தரவில்லை. மேனேஜர் எழுத்து மங்கலாக இருக்கிறது என்று என்னிடம் கத்துகிறார். நானா மை ஊற்றுவது?

சாயங்காலம் மன்னார்புரம், படக்கூடம். "எட்டாம் நிலவு" நாலாம் பாகத்தைக் கூடத்தை நடத்துகிற ஃபாதர் போட்டுக் காட்டினார். எல்லாம் அட்டைப் பொம்மை, மூட்டுக்கு மூட்டு நூல். செல்வராஜ் கேமராவுக்குக் கீழே வைத்து நூலளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுக்கிறான். ஓடும்போது பார்த்தால் கராளி உண்மையிலேயே கையைத் தூக்குகிறாள். கிரகம் ஒன்று பொடிப்பொடியாகிறது.

பேரரசி கராளிக்குக் குரல் நான். அவளுடைய தளபதி வக்ரனுக்கு மரியதாஸ், ஸ்கூல் தமிழ் வாத்தியார், பங்குக் கோயில் நாடகத்தில் வருஷா வருஷம் ராஜா. இளவரசிக்கு என் சிநேகிதி பத்மா. கதை வசனமும் அவளே.

படம் நன்றாக இருந்தது. ஆனால் என் வசனத்தின் மேல் புஸ் புஸ் என்று ஒரு மூச்சு. யாருடையது என்று சொல்ல வேண்டுமா? மரியதாஸ்தான். எங்களுக்கு இருப்பது ஒரே மைக். அவர் பேசாதபோதும் அதை விட்டு நகர மாட்டார். கேட்டால், "நான் கேரக்டர்ல நிக்கிறேங்க" என்கிறார். இனி இந்த மனிதரை முழுப்பெயரில் எழுதி மையை வீணாக்கப் போவதில்லை. ம. போதும்.

வேனில் போய் ஸ்கூல்களில் படம் போடுகிறவன் செல்வராஜ்தான். "கராளி வந்தாலே பசங்க பெஞ்சைத் தட்டறாங்கக்கா. நிறுத்தவே முடியல" என்றான். பஸ்ஸில் காட்டூர் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி: "கொஞ்சம் மெதுவா பேசுங்க ஸ்டெல்லா. வீட்ல ஆம்பள யாரோ வந்திருக்காங்கன்னு நினைப்பாங்க." அம்மா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள்.

21 ஜூலை, புதன்

தலைவலி. ஐந்தாம் பாகத்து வசனம் கைக்கு வந்தது. பத்மா கார்பன் காப்பியைக் கொடுத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நாழியாச்சு" என்று ஓடினாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கடைசிப் பக்கம். வக்ரன் கராளியை முதுகில் குத்துகிறான். எட்டாம் நிலவின் விளிம்பிலிருந்து தள்ளுகிறான். கராளி அலறியபடி விழுகிறாள். செத்தாள்.

மொத்தம் ஏழு பாகம். ஐந்தில் நான் காலி.

மூன்று தடவை படித்தேன். என்ன அநியாயம் இது! வில்லன்களுக்குள் அடித்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்றேனா? முதல் பாகத்திலிருந்தே வக்ரனும் கராளியும் பாம்பும் கீரியும்தான். ஆனால் குத்துவது ஏன் அவன்? கிரகங்களை எரித்தவள் பின்னால் ஆள் வருவதுகூடத் தெரியாமல் நிற்பாளா?

இது ம.வின் வேலை. போன வாரம் ஃபாதரை ஓரமாகக் கூட்டிப்போய் அவர் குசுகுசுவென்று பேசியதைப் பார்த்தேன். நான் போனதும், "அப்புறம் பேசலாம் ஃபாதர்."

அந்தப் படக்கூடத்து இருட்டறை ஒன்றில்தான் என் குரலைக் குறைக்கச் சொல்ல ஆளில்லை. அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள். விட மாட்டேன்.

24 ஜூலை, சனி

அரை நாள் ஆபீஸ். நேரே சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து ஒன்றாம் நம்பர் பஸ், ஸ்ரீரங்கம். பத்மா வீட்டில் அவள் மாமனார் கூடத்தில் பாராயணம். அதனால் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல் பக்கத்தில் நின்று சண்டை. அதுவும் கிசுகிசுப்பில். எனக்குக் கிசுகிசுக்க வராது.

"மெதுவாடி. மாமனார் காதுல விழும்."

"விழட்டும். என்னை ஏன் கொன்னே?"

"உன்னை எங்கடி கொன்னேன்? கராளியைன்னா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"கதை அப்படிப் போறது ஸ்டெல்லா. நான் என்ன பண்ணுவேன்? ஃபாதரும் சரின்னுட்டார்."

காலேஜில் ஒரே பெஞ்சு. அவளுக்கு டைபாய்டு வந்தபோது நோட்ஸ் எல்லாம் எழுதிக் கொடுத்தது நான். இவளுக்குக் கதை அப்படிப் போகிறதாம்! காபி தந்தாள். குடிக்காமல் வந்தேன். வழியெல்லாம் காபி ஞாபகம்.

திரும்பும்போது சத்திரம் ஸ்டாண்டில் ம.! கையில் வெற்றிலைக் கவுளி, கக்கத்தில் குடை. இரண்டு வார்த்தை கேட்டுவிடுவது என்று போனேன். நான் ஆரம்பிக்கும் முன்னே அவர் வெடித்தார்.

"ஆறாம் பாகம் என்னன்னு தெரியுமாங்க? பத்மா எனக்கு மட்டும் சொல்லிச்சு. வக்ரன் திருந்திடறானாம். இளவரசி கிட்ட மன்னிப்பு கேக்கறானாம். அழுதுக்கிட்டு! நான் எதுக்குங்க அழணும்?"

"அப்ப என்னைக் கொல்லச் சொன்னது நீங்க இல்லையா?"

"ஃபாதர் கிட்ட நான் மைக்கை நகர்த்தச் சொன்னேங்க, அவ்வளவுதான். உங்களைக் கொன்னுட்டு எனக்கு என்ன வேலை? வக்ரன் யாரை எதிர்த்து நிப்பான்?"

அது சரிதான். நியாயமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

ஆக, ஐந்தில் கராளி சாகிறாள், ஆறில் வக்ரன் அழுகிறான், ஏழில் மிஞ்சுவது இளவரசி மட்டும். அடி பத்மா!

அங்கேயே, மல்லிகைப்பூக் கூடைக்காரிக்குப் பக்கத்தில், ம.வும் நானும் ஒப்பந்தம் போட்டோம். எங்கள் கூடத்தில் குரல்தான் முதலில். டேப்பில் வசனம் பதிந்த பிறகுதான் செல்வராஜ் அதன் அளவுக்குப் பொம்மையை நகர்த்துவான். டேப்பில் வராதது படத்தில் நடக்காது. அடுத்த சனிக்கிழமை ரிக்கார்டிங்குக்கு இரண்டு பேரும் போகக் கூடாது. கதையை மாற்றினால்தான் குரல்.

"வாக்கு மாற மாட்டீங்களே?" என்றேன்.

"நான் வாத்தியாருங்க" என்றார்.

27 ஜூலை, செவ்வாய்

ரிப்பன் வந்துவிட்டது. கறுப்பு-சிவப்பு. கொஞ்சம் சந்தோஷம்.

ம. ஆபீஸ் வாசலில் காத்திருந்தார். எதிர் ஹோட்டலில் காபி. அவர் வாங்கித் தந்தார் (நம்ப முடியவில்லை). பேச்சு முழுக்க அவர் நடித்த ராஜாக்கள். கிளம்பும்போது, குடையைப் பார்த்தபடி, "உங்க குரல் எனக்கு இருந்திருந்தா நான் எங்கேயோ போயிருப்பேங்க" என்றார்.

என் குரலைப் பற்றி இதுவரை கேட்டது: ஆம்பளைக் குரல் (அண்ணி). தொண்டையில் சளியா (பெண் பார்க்க வந்த துவாக்குடிக்காரரின் அம்மா). பாட்டு கிளாஸுக்கு வேண்டாம்மா (சிஸ்டர், ஏழாம் வகுப்பு).

இவரைப் போய் இத்தனை நாள் திட்டினேனே என்று தோன்றியது. மூச்சு விடாத மனிதர் உண்டா? விட்டுப் போகட்டும்.

31 ஜூலை, சனி

போகவில்லை. அரிசியில் கல் பொறுக்கினேன். நாலு மணி ஆனதும் ஃபாதரின் முகம் கண்ணில் வந்தது. ஐந்து மணிக்குக் கால் தானாக வாசலுக்குப் போயிற்று. திருப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்தேன்.

அம்மா: "இன்னைக்கு டிராமா இல்லையா?"

"டிராமா இல்லம்மா, படம்."

"ஏதோ ஒண்ணு. வீட்ல இருக்கறது நல்லதுதான்."

நல்லதாம். ம.வும் இப்படித்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பார். பாவம்.

2 ஆகஸ்ட், திங்கள்

பாவமா! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செல்வராஜை பஸ்ஸில் பார்த்தேன். "உடம்பு சரியில்லையாக்கா? சனிக்கிழமை வாத்தியார் வந்து பிரமாதமா பண்ணாருக்கா."

"யாரு வந்தா?"

"மரியதாஸ் சார்தான். மூணரைக்கே வந்துட்டாரு."

மெதுவாகப் பிடுங்கினேன். நடந்தது இது. ம. முன்னாடியே போயிருக்கிறார். பத்மாவிடம் பேரம். வக்ரன் திருந்த மாட்டான், அழ மாட்டான். கராளியைக் கொன்று அவள் சிம்மாசனத்தில் அவனே உட்காருவான், ஏழாம் பாகம் முடிய ஆளுவான். பத்மா உட்கார்ந்த இடத்திலேயே மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறாள். பதிலுக்கு ம. ஐந்தாம் பாகத்தைப் பேசிவிட்டார். அதில் கராளிக்கு வசனமே இல்லாமல் வெட்டிவிட்டார்கள். முதுகில் குத்து, ஒரு அலறல், முடிந்தது.

"அலறல் யாரு போட்டா?"

செல்வராஜ் ஜன்னல் வழியே பார்த்தான். "பத்மாக்காதான்."

என் சாவுக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

ம.: துரோகி, மைக் திருடன், காபி வாங்கித் தந்து ஏமாற்றியவன். வாத்தியாராம்! "அவர்" எல்லாம் இனிக் கிடையாது. அவன். பத்மாவுக்கு எழுத வார்த்தை வரவில்லை. சாப்பிடவில்லை. அண்ணி அதற்கும் ஏதோ சொன்னாள், காதில் வாங்கவில்லை.

3 ஆகஸ்ட், செவ்வாய், ஆடிப்பெருக்கு

காலையில் பஸ் எல்லாம் காவிரிக்குப் போகிற கூட்டம். ஆபீஸில் பாதிப் பேர் லீவு.

சாயங்காலம் வாசலில் பத்மா, தூக்குச் சட்டியோடு. வருஷா வருஷம் பதினெட்டாம் பெருக்குக்கு எங்கள் வீட்டுக்குக் கலந்த சாதம் கொண்டுவருவாள். இந்த வருஷமும் வந்திருக்கிறாள். என்ன தைரியம்! அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். நான் பத்மாவைத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"எனக்குப் பதிலா நீ கத்தினியா?"

"நீ வரலையேடி."

"ஏன் வரலைன்னு உனக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். பிறகு சொன்னாள். அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து கூட்டாமல்.

"நாலு பாகம் எழுதினேன் ஸ்டெல்லா. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம், அடுப்பங்கரையில. ஸ்கூலுக்குப் படம் போட நானும் ஒரு நாள் வேன்ல போனேன். குழந்தைகள் கராளி கராளின்னு கத்தறதுகள். இளவரசி பேர் என்னன்னு கேட்டேன். ஒரு குழந்தைக்குத் தெரியல. ஒண்ணுக்குக்கூட. நீ வாயைத் திறந்தா மத்தவா யாரையும் கேக்கவே மாட்டேங்கறாடி. நீ இருக்கறவரைக்கும் நான் இல்லை."

"அதனால கொன்னுட்டே."

"ஆமாம். கொன்னேன்."

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய ஒரே முழு உண்மை இதுதான் என்று நினைக்கிறேன். அதற்காக மன்னிக்க முடியுமா? முடியாது. "போ" என்றேன். போனாள்.

புளியோதரை நன்றாகத்தான் இருந்தது. எலுமிச்சை சாதம் உப்பு.

6 ஆகஸ்ட், வெள்ளி

ஃபாதர் ஆபீஸுக்கே போன் செய்தார். மேனேஜர் முறைத்தார்.

"ஸ்டெல்லாம்மா, நாளைக்குக் கொஞ்சம் வரணும். அந்த அலறல் சரியில்ல. கரப்பான் பூச்சியைப் பார்த்துக் கத்தின மாதிரி இருக்கு. பேரரசி சாகற மாதிரி இல்ல. அந்த ஒரு இடம் மட்டும் நீங்க போட்டுக் குடுத்துட்டாப் போதும்."

போதுமாம்! யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவெல்லாம் இல்லை. போவேன் என்று அப்போதே தெரியும். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

7 ஆகஸ்ட், சனி

வீட்டுக்கு வந்ததும் நேரே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். ம. எழுந்து நின்று, "வாங்க வாங்க" என்றான். பல்லெல்லாம் தெரிந்தது. "சூழ்நிலை அப்படிங்க" என்று தொடங்கினான். அவனைத் தாண்டிப் போனேன். பத்மா மூலையில், மடியில் காகிதம். நிமிரவில்லை.

செல்வராஜ் அந்த இடத்தை ஏற்கெனவே படம் எடுத்து முடித்திருந்தான். சுவரில் போட்டுக் காட்டினான். கராளியின் அட்டை உடம்பு நிலவின் விளிம்பிலிருந்து கவிழ்ந்து, சுற்றிச் சுற்றி, கீழே கீழே போகிறது. எனக்கு அழுகை வந்தது. அட்டைதான், தெரியும். இருந்தும் வந்தது.

"பிலிம் இனி இல்லம்மா. மறுபடி எடுக்க முடியாது. விழுற நேரம் முழுக்கக் கத்தணும். அது முடிஞ்சதும் வக்ரன் 'இனி இந்த அரியணை என்னுடையது' சொல்வான். அது டேப்ல இருக்கு, தொட வேண்டாம்" என்றார் ஃபாதர். டேப் சுழன்றது. மைக் முன்னால் நான் மட்டும். முதல் தடவையாக அது முழுக்க எனக்கு.

அலறத்தான் மூச்சை இழுத்தேன். சத்தியமாக. ஆனால் மூலையில் பத்மா காதைப் பொத்திக்கொள்வதைப் பார்த்தேன். என் அலறலைக் கேட்க அவளுக்குத் தைரியமில்லை. சிரித்துவிட்டேன்.

நிறுத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. கராளி சுற்றிச் சுற்றி விழ விழ, சிரித்துக்கொண்டே விழுந்தாள். படம் இருட்டாகும்வரை சிரித்தேன். அது ஓய்ந்த இடத்தில் ம.வின் பழைய குரல்: "இனி இந்த அரியணை என்னுடையது." அச்சு அசல் பயந்தவன் குரல்! போன வாரம் எவ்வளவு கம்பீரமாகப் பேசினானோ தெரியாது. இப்போது கேட்டால் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே பேசுகிறவன் மாதிரி இருக்கிறது.

ம.தான் முதலில். "இது தப்பு ஃபாதர். கத்தணும்னுதானே இருக்கு? இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."

"செத்துட்டாளா, இல்லையா?" என்றார் ஃபாதர், யாரிடம் என்று தெரியாமல்.

"இப்படிச் சிரிக்கிறவ எப்படி ஃபாதர் சாவா?" என்றான் செல்வராஜ்.

ஃபாதர் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். கேட்டார். டேப்பை நிறுத்திப் பெட்டியில் வைத்தார். "இதுதான்" என்றார்.

ம. குடையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் போனான்.

8 ஆகஸ்ட், ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கம் நீளம், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வெளியே வந்தால் கேட்டருகே பத்மா. இங்கே வந்து அவள் நின்றதே இல்லை. கண் வீங்கியிருந்தது.

"ஃபாதர் ஆறாம் பாகத்தை மாத்தி எழுதச் சொல்லிட்டார். கராளி திரும்பி வரணுமாம்."

"எழுது."

"எழுதறேன். அவளை எழுதத்தான் எனக்கு நன்னா வரது. அது உனக்குத் தெரியாது." மூக்கை உறிஞ்சினாள். "நாம பழையபடி இருக்கலாமோல்லியோ, ஸ்டெல்லா?"

ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். வெயில் சுள்ளென்று. எனக்கு அவள் மேல் பாவம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"முதல்ல அவளை உயிரோட கொண்டு வா. நம்மளைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். படியில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.